நாற்காலிக்கு எதிர்ச் சுவர்

எலும்பு மருத்துவமனையின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில்தான் அவளுடைய பகல் பொழுதெல்லாம் கழிந்தது. எக்ஸ்ரே எடுப்பது வேலை. காவலாளியிலிருந்து பெரிய டாக்டர் வரைக்கும் அவள் 'எக்ஸ்ரே அக்கா'தான். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, ம், விடுங்க" என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி, முதன்முதலாகத் தன்னோடு பேசிய அன்றும் அதைத்தான் சொன்னாள் என்று கணவர் கிண்டல் செய்வார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். வாய் ஓயாதவர். வீட்டில் மூன்றாவது ஆள் அவளுடைய அம்மா. முழங்கால் வலியால் பகலில் பெரும்பாலும் நாற்காலியிலேயே இருப்பவள்.

கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுகள். எந்த வீட்டுக்காரரும் சாவி கொடுக்கும்போது முதலில் சொல்வது "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க" என்பதைத்தான். அதனால் அந்தக் குடும்பத்தின் படங்கள் எல்லாம் அலமாரி மேலும் ஃபிரிட்ஜ் மேலும் சாய்ந்தே நின்றன. படங்கள் என்றால் இரண்டுதான். ஒன்று அப்பா. இன்னொன்று தம்பி.

தம்பியைச் சின்னவன் என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். நுரை மெத்தைகளைச் சேமித்து வைக்கும் ஒரு கிடங்கில் மாலை ஷிப்டில் வேலை பார்த்தான். ஒன்பது வருடங்களுக்கு முன் அந்தக் கிடங்கு தீப்பிடித்தது. நெருப்பு அடங்கிய பிறகு உள்ளே ஓர் உடல் கிடைத்தது. முகம் தெரியும் நிலையில் இல்லை. கழுத்தில் பாதி உருகித் தொங்கிய அடையாள அட்டையில் சின்னவன் பெயர் இருந்தது. வருகைப் பதிவு இயந்திரமும் அன்று அவன் உள்ளே போனதாகவே காட்டியது. உயரமும் ஒத்துப்போனது. "ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கம்மா" என்று அக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் பிணவறை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அம்மா இடுகாட்டுக்குப் போய் அந்த இடத்தில் களை பிடுங்கி, தண்ணீர் தெளித்துவிட்டு வருவாள். எவ்வளவு முழங்கால் வலி இருந்தும் அது நிற்கவில்லை.

சொந்தமாக மூன்றாம் மாடியில் ஒரு வீடு அமைந்தபோது முதல் ஆணியை எங்கே அடிப்பது என்பதிலேயே சண்டை வந்தது.

"ஹால்ல நடுச்சுவத்துல அப்பாவும் சின்னவனும் இருக்கட்டும்" என்றாள் அம்மா.

"அம்மா, நான் நாள் பூரா உடைஞ்ச எலும்பைப் பாத்துட்டு வர்றேன். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் செத்தவங்க முகத்துலயா முழிக்கணும்? அவங்க உன் ரூம்ல இருக்கட்டும். ஹால்ல உயிருள்ளதா ஏதாவது மாட்டலாம்."

"செத்தவங்க" என்ற சொல்லுக்காக அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு இரண்டு படங்களையும் அவளே தூக்கிக்கொண்டு போய்த் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

வீட்டு அலங்காரப் பொருள் விற்கும் கடையில் கணவருக்கு ஓடுகிற குதிரைகள்தான் பிடித்தன. ஏழு குதிரைகள், புழுதி, பின்னால் சிவப்பு வானம்.

"குதிரை ஓடுற வீட்டுல நாம எங்க உக்கார்றது?" என்றாள் அவள்.

"அப்போ அந்தப் பூ ஜாடி?"

"பல் டாக்டர் வெயிட்டிங் ரூம் மாதிரி இருக்கும்."

சோபாவின் அகலத்தில் முக்கால் பங்காவது படம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய சுவரில் தபால்தலை ஒட்டிய மாதிரி ஆகிவிடும் என்று கடைக்காரர் சொன்னார். அவள் துப்பட்டாவால் அளந்து வந்திருந்தாள். அந்த அளவில் இருந்தவற்றைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஒன்றில் நின்றாள். கேன்வாஸ் துணியில் அச்சான பெரிய புகைப்படம். காலை வெயிலில் ஒரு படகுத்துறை. அக்கரையிலிருந்து வந்த பயணப் படகு அப்போதுதான் ஒட்டியிருக்கிறது. ஜனங்கள் பலகையில் இறங்குகிறார்கள். ஒரு பெண் செருப்பைக் கையில் பிடித்திருக்கிறாள். சுமைக்காரர்கள் மூட்டைகளைத் தோளில் ஏற்றுகிறார்கள். தண்ணீரெல்லாம் பொன்னிறம். இரைச்சல்கூடக் கேட்பது போலிருந்தது அவளுக்கு.

"இதுதான்" என்றாள்.

"இதுல குதிரையே இல்லையே" என்றபடி கணவர் அதைத் தூக்கிக்கொண்டார்.

கணவர் துளை போட்டு மாட்டினார். அவர் உயரமானவர்; தன் கண்ணுக்கு நேராக வைத்துக் குறி போட்டுவிட்டார். போதாததற்கு எதிர் ஜன்னலின் வெளிச்சம் மேல்பாதியில் விழுந்து படம் பளபளத்தது. அம்மா நாற்காலியிலிருந்து பார்த்தால் ஒரு வெள்ளைத் திட்டுதான் தெரியும். சில வாரங்கள் அப்படியே போயின. ஒருநாள் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் தோழி வீட்டுக்கு வந்தாள். வந்ததும் அண்ணாந்து பார்த்தாள்.

"இந்த வீட்ல ஒட்டகச்சிவிங்கி ஏதாவது குடியிருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். கணவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மறுநாளே படத்தை ஒரு முழம் கீழே இறக்கி, ஜன்னல் வெளிச்சம் படாத பக்கமாகத் தள்ளி மாட்டினார். பழைய துளைகளைச் சுண்ணாம்புப் பசையால் அடைத்தார். படம் இப்போது அம்மாவின் நாற்காலிக்கு நேர் எதிரே, உட்கார்ந்தவள் கண் மட்டத்தில் இருந்தது.

அன்றிலிருந்து அம்மா தொலைக்காட்சி பார்ப்பதை விட்டுவிட்டாள். படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுத் தட்டு ஆறிக் கிடந்தது. 'கால் வலியா' என்று கேட்டாள் மகள். 'ம்' என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு எல்லோரும் ஹாலில் இருந்தபோது அம்மா வாய் திறந்தாள்.

"மாப்பிள்ளை, அந்தப் படத்தைக் கொஞ்சம் கழட்டித் தாங்க."

"மறுபடியுமா அத்தை? இன்னும் எவ்வளவு கீழ இறக்கணும்? தரையிலயே வச்சிடவா?"

அம்மா சிரிக்கவில்லை. படத்தை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, மூட்டை தூக்கும் ஆட்களில் மூன்றாவது ஆளின் மேல் விரலை வைத்தாள். முகம் பாதி திரும்பியிருந்தது. தாடி இருந்தது.

"இது சின்னவன்."

கணவர் மனைவியைப் பார்த்தார். அவள் மெல்ல அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். துக்கம் இப்படியும் செய்யும் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா, எங்கேயாவது ஒரு சாயல் இருக்கும். மனசு அப்படித்தான் தேடும்."

"நான் மூஞ்சியைச் சொல்லல. கையைப் பாரு."

அவள் பார்த்தாள். தோளில் மூட்டையைத் தாங்கிப் பிடித்த இடது கை. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே, நேராகப் போக வேண்டிய இடத்தில், மெல்லிய வில் போல வெளிப்பக்கம் வளைந்திருந்தது.

சின்னவனுக்கு ஏழு வயதில் மதில் சுவரிலிருந்து விழுந்து கை முறிந்தது. கட்டுச் சரியில்லாமல் கோணலாகவே சேர்ந்துவிட்டது. வெளிச்சப் பலகையில் டாக்டர் அந்தக் கையின் படத்தைச் செருகிக் காட்டியபோது பக்கத்தில் நின்ற சிறுமி அவள்தான். உடம்புக்குள் இருப்பதை இப்படிப் பார்க்க முடியுமா என்று அன்று பிடித்த ஆசைதான் அவளை இந்த வேலைக்கே கொண்டுவந்தது. உலகத்தில் எந்த எலும்பை மறந்தாலும் அதை மறக்க மாட்டாள். வாரக்கணக்கில் இந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்திருக்கிறாள். தூசு துடைத்திருக்கிறாள். அவள் பார்த்ததெல்லாம் தண்ணீரில் விழுந்த வெயிலைத்தான்.

படத்தை ஜன்னலருகே கொண்டு போய்ச் சாய்த்துப் பிடித்தாள். காது மடல் அவனுடையது. சுமையைத் தூக்குமுன் உதட்டைக் கடிக்கிற வழக்கமும் அவனுடையது.

"பழைய படமா இருக்கும். தீ விபத்துக்கு முன்னாடி எடுத்ததா இருக்கும்" என்றார் கணவர்.

"படகுத்துறைப் பக்கமே அவன் போனதில்லையே" என்றாள் அம்மா.

மறுநாள் கடைக்காரர் மூலமாகப் படம் எடுத்தவரின் தொலைபேசி எண் கிடைத்தது. அவர் அந்தப் படகுத்துறை இருக்கும் ஊரைச் சொன்னார். ஒரு பகல் பஸ் பயணத் தூரம்.

"எப்போ எடுத்தீங்க, சார்?"

"இப்போதாங்க, ரெண்டு வருஷம் இருக்கும்."

"ரெண்டு வருஷமா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"புதுக் கேமரா வாங்கின அன்னைக்கு எடுத்தது. மறக்குமா?"

"அந்தச் சுமை தூக்குறவங்க... மூணாவது ஆள்..."

"எனக்கு வெளிச்சம்தாம்மா ஞாபகம் இருக்கு. ஆளுங்க ஞாபகம் இல்ல."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டு எக்ஸ்ரே மேஜையிலேயே உட்கார்ந்தாள். வெளியே நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். டோக்கன் தோழி வந்து எட்டிப் பார்த்து, அவள் முகத்தைக் கண்டதும் கதவைச் சாத்தினாள்.

அம்மா அந்த ஊருக்கு வர மறுத்தாள். "போய், அவன் இல்லைன்னு ஆச்சுன்னா என்னால திரும்பி வர முடியாது. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

படகுத்துறையில் வெயில் சுள்ளென்று அடித்தது. படத்தில் பொன்னாகத் தெரிந்த தண்ணீரில் டீசல் எண்ணெய் மிதந்தது. ஒரு சுமைக்காரரிடம் கணவர் கை வளைந்த ஆளைப் பற்றிக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். வெங்காய மூட்டை அடுக்கின் நிழலில் ஒருவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"சின்னவா" என்றாள்.

பாட்டில் அவன் வாயிலேயே நின்றது. தண்ணீர் தாடியில் வழிந்து சட்டையை நனைத்தது. ஓடப்போகிறவன் போல எழுந்தான். ஓடவில்லை. மறுபடியும் அங்கேயே உட்கார்ந்தான்.

"அக்கா, அம்மா இருக்காங்களா?"

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அவன் தோளில் அடித்தாள். அடித்த கையாலேயே அவன் முகத்தைத் தடவினாள். கணவர் பக்கத்தில் நின்று, வேன் ஓட்டுபவரின் பழக்கத்தில், இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சின்னவன் சொன்னது இதுதான். அன்று மாலை ஊரில் ஒரு கால்பந்து ஆட்டம். அதைப் பார்க்க அவனுக்கு ஆசை. விடுப்பு கிடைக்காது. கிடங்கு வாசலில் லாரி வரும்போது கூப்பிட்டால் வருகிற ஒரு புது ஆள் இருந்தான். கிடங்கின் ஆள் கணக்கில் சேராதவன். இவன் வயது, இவன் உயரம்.

"என் அட்டையைப் போட்டு நீ உள்ள போடா, யாரும் பாக்க மாட்டாங்கன்னேன். அவனுக்கும் உள்ள வேலை கத்துக்க ஆசை. சிரிச்சிட்டே வாங்கிக் கழுத்துல மாட்டிக்கிட்டான். நான் ஆட்டம் முடிஞ்சு வந்து பாத்தா எரிஞ்சிட்டிருக்கு. கூட்டத்துல எல்லாரும் என் பேரைச் சொல்றாங்க. எதிர்ப்பக்கம் நீ நிக்கிறே. அம்மா தரையில விழுந்து கிடக்காங்க. ரோட்டைத் தாண்டினா போதும். தாண்ட முடியலக்கா. நான் வந்தா, உள்ள யாருன்னு கேப்பாங்களே."

"அதுக்காக ஒன்பது வருஷமா?"

"உள்ள போனவன் இந்த ஊர்க்காரன்கா, எப்பவும் இந்த ஊரைப் பத்தித்தான் பேசுவான். அவங்க அம்மா இஸ்திரி போடுறவங்க. அவங்ககிட்ட சொல்லிட்டு வந்து உங்ககிட்ட சொல்லிடலாம்னுதான் கிளம்பி வந்தேன். அவன்கூட வேலை பாக்கிறவன்னு சொன்னதும், உள்ள வாடா, முதல்ல சாப்பிடுன்னு தட்டு வச்சிட்டாங்க. வாய்ல சோறு இருக்கும்போது எப்படிச் சொல்றது? மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன்."

அவன் பாட்டிலை மூடினான்.

"சொல்லிட்டியா?" என்றாள் அக்கா.

"இல்ல. அவங்க தெருவுலயேதான் இருக்கேன். தண்ணி எடுத்துக் குடுக்கிறேன், துணி மூட்டை கொண்டு போய்க் குடுக்கிறேன். வாரத்துல ஒரு நாளாவது கேப்பாங்க, அவன்கிட்டயிருந்து சேதி எதுவும் வந்துச்சான்னு. இல்லம்பேன். போன வாரமும் கேட்டாங்க."

செத்துப்போன தம்பி உயிரோடு எதிரே உட்கார்ந்திருப்பதைவிட இதுதான் அவளை நிலைகுலைய வைத்தது. எழுந்து கொஞ்ச தூரம் போய் அம்மாவுக்குத் தொலைபேசி செய்தாள்.

"அம்மா, அவன்தான். நல்லா இருக்கான்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல் வந்தது. மெதுவாக, தெளிவாக.

"அப்போ நான் அங்க யாருக்குத் தண்ணி தெளிச்சிட்டு இருந்தேன்?"

மகள் சொன்னதையெல்லாம் கேட்ட அம்மா மறுநாள் தனியாகப் பஸ் ஏறி வந்துவிட்டாள். படியிலிருந்து இறங்க மாப்பிள்ளை கை கொடுக்க வேண்டியிருந்தது. மகனைக் கட்டிக்கொள்ளவில்லை. அவன் இடது கையை இழுத்து, வளைந்த இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள். ஒருமுறை, இன்னொருமுறை. அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"அழுறதெல்லாம் அப்புறம். அந்தம்மா வீட்டைக் காட்டு."

"அம்மா, நான் எப்படிம்மா..."

"நீ சொல்ல மாட்டே. ஒன்பது வருஷம் சொல்லாதவன் இன்னைக்கா சொல்லப்போறே? நான் சொல்றேன்."

ஒற்றை அறை வீடு. வாசலை ஒட்டி இஸ்திரி மேஜை. உள்ளே சுவரில் ஒரே ஒரு படம். பல் தெரியச் சிரிக்கிற இளைஞன். வழக்கமான இடத்தில் இல்லாமல், வாசலுக்கு நேராக, வருகிறவர்களை முதலில் பார்ப்பது போல மாட்டியிருந்தது. இஸ்திரி அம்மா மெலிந்த, வேகமான பெண். சின்னவனுக்குப் பின்னால் மூன்று பேரைப் பார்த்ததும் மலர்ந்தாள்.

"உங்க ஆளுங்களா? இவன் எனக்கு யாருமில்லைன்னுல்ல சொன்னான். உக்காருங்க, உக்காருங்க."

அம்மா உட்கார்ந்தாள். இஸ்திரிப் பெட்டியின் சூடு முகத்தில் அடிக்கிற தூரத்தில், அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்து, ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அட்டை, தீ, உடல், அடக்கம். யாருடைய மகன் என்று நினைத்து யாருடைய மகனை மண்ணில் வைத்தோம் என்பது வரைக்கும்.

இஸ்திரி அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். முன்னால் ஒரு பள்ளிக்கூடச் சட்டை பாதி தேய்த்தபடி கிடந்தது. அதைச் சற்று நேரம் பார்த்தாள். மறுபடியும் பெட்டியை எடுத்து, காலர், கை, முதுகு என்று தேய்த்து முடித்து, மடித்து ஓரமாக வைத்தாள். பிறகுதான் சின்னவனிடம் திரும்பினாள்.

"நேத்து ராத்திரிகூட என் கையால சாப்பிட்டே."

அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"என் வாசப்படியை மிதிக்காதே. போ."

அவன் போனான். இஸ்திரி அம்மா தரையில் உட்கார்ந்தாள். எக்ஸ்ரே அக்கா தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அதை வாங்காமல் அந்தப் பெண் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அவன் தனியாவா கிடக்கிறான், அங்க?"

"இல்லம்மா. வாராவாரம் போவேன். என் பிள்ளைன்னு நினைச்சுதான் போனேன். ஆனா ஒரு வாரம்கூட விட்டதில்ல."

இஸ்திரி அம்மா அந்தத் தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

அதற்குப் பிறகு போலீஸ், விசாரணை, மரபணு சோதனை என்று மாதங்கள் ஓடின. சின்னவன் தானாகவே போய் எல்லாவற்றையும் சொன்னான். கிடங்கில் அவசர வாசல் பூட்டிக் கிடந்ததால்தான் அந்த உயிர் போனது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அதைக் கேட்டும் அவனுக்கு ஆறுதலில்லை. கல்லில் பெயரை மாற்றினார்கள். இஸ்திரி அம்மா முதல்முறை அங்கே வந்தபோது அம்மாதான் கூட்டிப் போனாள். இருவரும் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்து திரும்பினார்கள். என்ன பேசினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அம்மாவின் கட்டிலருகே அப்பாவின் படம் மட்டும் தனியாக நின்றது. படகுத்துறைப் படத்தை என்ன செய்வது என்று மூவருக்கும் தெரியவில்லை. மாட்டி வைக்க மனசில்லை, எறியவும் கை வரவில்லை. கடைசியில் கணவர் அதைப் படம் எடுத்தவருக்கே அனுப்பிவிட்டார். மூன்றாவது ஆள் யார் என்று பின்னால் எழுதி அனுப்பினார். ஹாலில் இரண்டு ஜோடித் துளைகளும் அடைக்கப்பட்டு வெறும் சுவராகவே இருக்கிறது. குதிரைகளைப் பற்றி அவர் மறுபடி பேச்செடுக்கவில்லை.

சின்னவன் அம்மாவோடு வந்து இருப்பதும் துறைக்குத் திரும்புவதுமாக இருக்கிறான். இஸ்திரி அம்மா அவனோடு இன்றுவரை பேசவில்லை. துறையில் இருக்கிற நாட்களில், விடியும்போது அவன் குடத்தில் தண்ணீர் கொண்டு வந்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகிறான். முதல் சில மாதங்கள் அது அப்படியே இருந்து வெயிலில் சுட்டது. இப்போது உள்ளே போகிறது.

சென்ற முறை எக்ஸ்ரே அக்கா அவளைப் பார்க்கப் போனபோது, சுவரில் மகனின் படம் அதே இடத்தில் வாசலைப் பார்த்தபடி இருந்தது. ஆணி தளர்ந்து படம் ஒரு பக்கம் சரிந்திருந்தது.

"பக்கத்துச் சுவத்துல மாட்டித் தரவாம்மா? அங்க வெயில், தூசி எதுவும் படாது" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா. இத்தனை வருஷமா, அவன் வந்ததும் முதல்ல அவன் படம் அவன் கண்ணுல படணும்னுதான் அங்க மாட்டியிருந்தேன். இப்போ வாசல்ல போற வர்றவங்க அவனைப் பாக்கட்டும். அவன் செத்தது ஒருத்தருக்கும் தெரியாமப் போச்சு. இருந்ததாவது தெரியட்டும்."

எக்ஸ்ரே அக்கா சுத்தியல் கேட்டு வாங்கினாள். ஆணியைப் பிடுங்கி, அதே இடத்தில் இன்னும் நீளமான ஒன்றை அடித்தாள். இஸ்திரி அம்மா தெருவில் இறங்கி நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இடது பக்கம் கொஞ்சம் தூக்கச் சொன்னாள்.